வீரய்யாவின் முகவரி

ஆத்துமேட்டுத் தோட்டத்தில் கடதாசியை ஒழித்த வருஷத்திலேயே வீரய்யாவும் காலமானார். கடதாசியை ஒழித்தது கொழும்புக் கம்பெனி. வீரய்யாவை ஒழித்தது இழுப்பு. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை.

வீரய்யா கவ்வாத்துக்காரர். முற்றிப்போன தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவது அந்த வேலை. வயது இன்னும் அறுபதைத் தொடவில்லை, ஆகவே செக்ரோல் என்கிற வேலையாள் பதிவேட்டில் பெயர் இருந்தது. பெயர் இருந்ததால், தோட்டம் கொடுக்கிற வரிசை வீடான லயத்தில் ஓர் அறை, ஒரு காம்பரா, இருந்தது. அந்த ஒரு காம்பராவில்தான் மகள் பூரணி, மருமகன் செல்லசாமி, இரண்டு பேத்திகள் எல்லோரும் அவரோடு இருந்தார்கள். ஆடி மழை அடித்துக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை விடிகிற நேரம் அவர் எழுந்து உட்கார்ந்து, "கொஞ்சம் சாயத்தண்ணி குடு தாயி" என்றார். பூரணி அடுப்பை ஊதித் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொண்டுவருவதற்குள் சுவரில் சாய்ந்தவர் சாய்ந்தபடியே போய்விட்டார்.

பூரணி அழுதாள். லயமே கூடி அழுதது. பிறகு அவள் முகத்தைக் கழுவி, மழைக்குத் தலையில் படங்கைப் போட்டுக்கொண்டு, பெட்டிக்குப் பலகை கேட்க ஆபீசுக்குப் போனாள்.

வேலையாள் செத்தால் பெட்டிக்குப் பலகை கொடுப்பது தோட்டத்து வழக்கம். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வருகிறது. பெட்டி இல்லாமல் புதைக்க முடியாதா என்றால், முடியும். ஆனால் ஆத்துமேட்டு மயானம் காட்டோரத்தில் இருக்கிறது, காட்டுப்பன்றிகள் அதிகம். பெட்டியில்லாமல் போனவர்களை அவை தோண்டி வெளியே போட்டிருக்கின்றன. அதனால் சாவு விழுந்தால் பெரிய கிளாக்கர் ஒரு துண்டு எழுதுவார், அதை ஸ்டோரில் நீட்டினால் பலகை வரும். அழுகிறவர்கள் மூக்கைச் சிந்தி முடிப்பதற்குள் ஆசாரி ஆணி அடிக்கத் தொடங்கிவிடுவார்.

இப்போது துண்டு கிடையாது. சித்திரை மாதம் கம்பெனித் தலைவர் கொழும்பில் குத்துவிளக்கேற்றி ஒரு புதிய யுகத்தைத் தொடக்கிவைத்தார். அந்த யுகத்தின் பெயர் ஆபீஸ் சுவரில் மும்மொழிகளிலும் எழுதித் தொங்கியது. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் சரியாக இருந்ததாகத்தான் சொன்னார்கள். தமிழில் மட்டும் 'கடதாசியில்லா நிர்வாணம்' என்று இருந்தது. 'நிர்வாகம்' என்று திருத்தித் தரும்படி கொழும்புக்கு எழுதியாயிற்று, பதில் வரவில்லை. அன்றிலிருந்து ஒரு ஆணி வேண்டுமென்றாலும் கொழும்புக்கு ஈமெயில் போட வேண்டும். அங்கிருந்து அனுமதி இலக்கத்தோடு ஈமெயில் வர வேண்டும். அந்த இலக்கத்தைச் சொன்னால்தான் ஸ்டோரில் ஆணி.

பெரிய கிளாக்கர் துரைராசா யாழ்ப்பாணத்துக்காரர். வாலிப வயதில் மலைக்கு வந்தவர், நல்ல மனிதர். ஓய்வு பெற இரண்டு வருஷம்தான் இருந்தது. அந்த இரண்டு வருஷத்தையும் தலையில் முட்டைக்கூடை வைத்தவரைப் போல அசையாமல் நடந்து கடந்துகொண்டிருந்தார்.

"எப்ப பிள்ளை?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டார். வேலையாட்கள் ஆபீசுக்குள் வருவதில்லை, ஜன்னலோடு சரி.

"விடியக்காலைங்கய்யா. பெட்டிக்குப் பலகை வேணுங்க."

"ஐயோ, அருமையான மனுசன். நில்லு, இப்பவே அனுப்பிறன்."

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அவர் கணினி அறைக்குள் போனார். பூப்போட்ட துணியை நீக்கி, ஒற்றை விரலால் நெடுநேரம் தட்டி, எழுந்து வந்தார். "போட்டுது. இவ்வளவு நாளும் ஒண்டுக்கும் பதில் வரேல்லைத்தான், சாவுக் காரியமெண்டால் வரும்."

பூரணி கூரைத் தண்ணீர் ஒழுகாத இடமாகப் பார்த்து நின்றாள். மத்தியானமாயிற்று.

"அது எந்தப் பக்கமாங்கய்யா வரும்?" என்று கேட்டாள், பஸ் ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

துரைராசா மேலே போகிற டெலிபோன் கம்பியைக் காட்டினார். அதற்குப் பிறகு அவள் கம்பியைப் பார்த்தாள். ஒரு மைனா வந்து உட்கார்ந்து, நனைந்து, போயிற்று.

துரைராசா கொழும்புக்குப் போன் எடுத்தார். அங்கே ஒரு பெண் தெளிவான குரலில் பேசினாள். பதில் காலையிலேயே போய்விட்டது என்றாள்.

"வரேல்லையே தங்கச்சி."

"போய்விட்டது என்று எங்கள் பக்கம் காட்டுது சார்."

"அப்ப அந்த அனுமதி இலக்கத்தை வாயால சொல்லுங்கோவன். நான் எழுதிறன்."

"வாயால் சொன்னால் செல்லாது சார். அதுக்குச் சுற்றறிக்கை இருக்கு."

"எந்தச் சுற்றறிக்கை?"

"ஈமெயிலில் அனுப்பினோமே."

ஈமெயில் வராவிட்டால் முறையிட வேறொரு பிரிவு இருந்தது. அவர்கள் மிகவும் பணிவானவர்கள். ஈமெயில் வரவில்லை என்ற முறைப்பாட்டை ஈமெயிலில் மட்டுமே ஏற்பதாகச் சொன்னார்கள். துரைராசா எழுதி அனுப்பினார். திரும்பவும் போன் எடுத்தபோது, முறைப்பாடு கிடைத்துவிட்டது என்றும், வராத ஈமெயிலை வரவழைப்பது எப்படி என்ற விளக்கத்தை உடனேயே அனுப்பிவிட்டதாகவும் சொன்னார்கள். எதில் அனுப்பினீர்கள் என்று துரைராசா கேட்கவில்லை. கேட்கும் தெம்பு அவருக்கு இல்லை.

கடைசியில் ஒருவர் இரக்கப்பட்டு, "சரி சார், நான் போனிலேயே சொல்லித் தாறேன். இப்ப இன்டர்நெட்டைக் கனெக்ட் பண்ணுங்க, என்ன தெரியுது என்று சொல்லுங்க" என்றார்.

"கனெக்ட் பண்ணுறதெண்டால் இந்தப் போனை வைக்கோணும் தம்பி. ரெண்டுக்கும் ஒரே வயர்."

"அப்ப வைச்சிட்டு, பாத்திட்டு, திரும்ப எடுங்க."

துரைராசா வைத்தார், பார்த்தார், திரும்ப எடுத்தார். இந்த முறை வேறொருவர் பேசினார். "வணக்கம், உங்கள் பிரச்சினையை ஆரம்பத்திலிருந்து சொல்லுங்கள்" என்றார். பொழுது சாயும்வரை இப்படியே நடந்தது. அவர் ஆரம்பத்தைத் தாண்டவே இல்லை.

தோட்டத்து முகாமையாளரான தொரை மலையிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கினார். இளவயது. சிங்களவர் என்றாலும் தோட்டத்துத் தமிழ் பேசுவார். பெரிய தோட்டமொன்றுக்குப் பதவி உயர்வு எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். பூரணி படங்கை எடுத்துவிட்டுக் கும்பிட்டாள்.

"எனக்கு ரொம்ப வருத்தம் பூரணி," என்றார் தொரை. "வீரய்யா நல்ல வேலக்காரன். நான் இரக்கம் உள்ள ஆள், அது ஒனக்குத் தெரியும். ஆனா நான் பலகை குடுத்தா நாளைக்கு ஒடிட்டர் வந்து கேப்பார், இந்த இரக்கத்துக்கு அனுமதி இலக்கம் எங்கன்னு. நான் என்னத்தக் காட்ட? இலக்கம் இல்லாம இரக்கப்பட ஏலாது."

ஸ்டோரின் கம்பி ஜன்னல் வழியாக, சுவரோடு சாத்தியிருந்த பலகைகள் அவளுக்கு நன்றாகவே தெரிந்தன.

தொழிற்சங்கத் தலைவர் அழகுமுத்து சாவு வீட்டுக்கு மாலையோடு வந்தார். கதையைக் கேட்டதும் கொதித்தெழுந்தார். "என்னா நெனச்சிக்கிட்டு இருக்கானுங்க? தொழிலாளி பொணம்னா எளக்காரமா? இந்தா, இப்பவே பொகவந்தலாவைக்குப் போயி, கம்பெனிக்குக் காரசாரமா ஒரு ஈமெயில் போடுறேன்!" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டுப் போனார். போட்டார் என்றும் கேள்வி.

புதன்கிழமை அட்டன் டவுனில் இருந்து, சாவுக் காரியங்கள் பார்க்கிற மலர்ச்சாலைக்காரர் வந்து, உடல் கெடாமலிருக்க ஊசி போட்டார். அவரிடம் பெட்டியும் இருந்தது, ஊசிக்கே கடன் வாங்கியவர்களுக்கு அது எட்டாத விலை. இந்த ஈரத்துக்கு ஊசி அதிகம் தாங்காது, நாளைக்குள் எடுத்துவிடுங்கள் என்று செல்லசாமியைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். பூரணிக்கும் அது காதில் விழுந்தது. அவள் தகப்பனின் தலைமாட்டில் இருந்து சாம்பிராணியைத் தணலில் போட்டுக்கொண்டே இருந்தாள். பிள்ளைகள் இரண்டும் பக்கத்துக் காம்பராவில் சாப்பிட்டன, தூங்கின.

அன்று மாலை ஒரு நல்ல காரியம் நடந்தது. தொரையின் பதவி உயர்வுக் கடிதமும் அதே கம்பியில்தான் வர வேண்டும் என்பது தொரைக்கு ஞாபகம் வந்தது. உடனே ஜீப்பை எடுத்துக்கொண்டு அட்டனுக்குப் போய், அங்கிருந்து கொழும்போடு பேசினார். தலைமைக் காரியாலயத்திலிருந்து ஓர் அதிகாரியை அனுப்பச் சம்மதித்தார்கள்.

அதிகாரியின் பெயர் ஆரூரன். வியாழக்கிழமை காலை ரயிலில் அட்டன் வந்து, தொரையின் ஜீப்பில் ஏறி, கழுத்துப்பட்டியோடு ஆத்துமேட்டில் இறங்கினார். இறங்கியதும், தொழிலாளர் எல்லோரையும் பெரட்டுக் களத்துக்குக் கூப்பிடச் சொன்னார். பழுது பார்ப்பதற்குப் பயணச் செலவு கிடையாதாம், பயிற்சி அளிப்பதற்குத்தான் உண்டாம். ஆகவே முதலில் பயிற்சி. காலையில் வேலை பிரிப்பதற்கு ஆட்கள் கூடுகிற அந்தக் களத்தில், சாவு வீட்டுச் சனமும் தப்படிக்கிறவர்களும் உட்படச் சகலரும் மழையில் நின்றார்கள். ஆரூரனுக்கு ஒருவர் குடை பிடித்தார்.

"அன்பான தொழிலாளர்களே!" என்று தொடங்கினார் ஆரூரன். "கடிதம் தொலையும். தந்தி தொலையும். தபால்காரரே தொலைவார். ஈமெயில் மட்டும் தொலையவே தொலையாது! வரவில்லை, வரவில்லை என்று நீங்கள் சொல்கிற ஒவ்வொரு செய்தியும் இந்த நிமிடம் ஓரிடத்தில் மிகப் பத்திரமாக இருக்கிறது. உங்கள் தோட்டத்திலிருந்து வந்த ஒவ்வொரு முறைப்பாட்டுக்கும் எங்கள் பிரிவு அன்றே பதில் எழுதியிருக்கிறது. பதில் எழுதினோமா என்பதுதான் எங்கள் பொறுப்பு. அது உங்களுக்குக் கிடைத்ததா என்பது வேறு பிரிவு. அந்தப் பிரிவு இன்னும் ஆரம்பிக்கப்படவில்லை. ஆகவே இன்றைய தேதிக்கு நமது வெற்றி நூறு வீதம் என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்!"

கைதட்டும்படி கங்காணி சாடை காட்டினார். எல்லோரும் தட்டினார்கள்.

பூரணி முன்னால் வந்தாள். "ஐயா, எங்கப்பாவுக்கு வர வேண்டிய பலகையும் அந்தப் பத்திரமான எடத்துல இருக்குங்களா?"

"நிச்சயமாக அம்மா," என்றார் ஆரூரன். "கவலையே படாதீர்கள்."

ஆனால் வேலை தெரியாதவர் என்று ஆரூரனைச் சொல்லிவிட முடியாது. கணினிக்கு முன்னால் உட்கார்ந்ததும் கொஞ்ச நேரத்திலேயே விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டார். துரைராசாவும் தொரையும் அவருக்குப் பின்னால் நின்றார்கள். பூரணி ஜன்னலில் நின்றாள்.

"இங்கே பாருங்கள். கொழும்பில் உங்கள் பெட்டிக்குள் சித்திரை மாதத்திலிருந்து எல்லா ஈமெயிலும் வரிசையாக நிற்கின்றன. ஒன்று இறங்கினால்தான் அடுத்தது இறங்கும். முதலாவதாக நிற்பது பெரிய சாமான். உங்கள் டெலிபோன் கம்பி அதை முழுசாக இறக்குவதற்குள் அறுந்துபோகிறது. அறுந்தால் திரும்பவும் முதலில் இருந்து. நாலு மாதமாக அந்த ஒன்றையேதான் இறக்கிக்கொண்டிருக்கிறீர்கள். பஸ் வாசலில் ஒரு குண்டு ஆள் இறுகிக்கொண்டால் பின்னால் நிற்கிறவர்கள் என்ன செய்ய?"

"ஆர் அந்தக் குண்டு ஆள்?" என்று கேட்டார் துரைராசா.

ஆரூரன் திரையை உற்றுப் பார்த்தார். பிறகு எழுந்து நின்றார். "கம்பெனித் தலைவர் அவர்கள்," என்றார். "குண்டு என்றது ஓர் உதாரணத்துக்குத்தான். தயவுசெய்து அதைத் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்."

கடதாசியில்லா யுகத்தைத் தொடக்கிவைத்த அன்று தலைவர் எல்லாத் தோட்டங்களுக்கும் அனுப்பிய வாழ்த்துச் செய்தி அது. குத்துவிளக்கேற்றியதையும் அதன் பின் நிகழ்த்திய உரையையும் வீடியோவாக எடுத்துக் கூடவே இணைத்திருந்தார். இனிமேல் கொழும்பில் சொன்ன சொல் அடுத்த நொடியே மலையுச்சிக்கு எட்டும் என்பது அந்த உரையின் சாரம்.

"அத அழிச்சிட்டா மத்ததெல்லாம் வந்துருங்களா?" என்று பூரணி கேட்டாள்.

"வந்துவிடும். ஒரு பொத்தானைத் தட்டினால் போதும்."

"அப்ப தட்டுங்கய்யா."

ஆரூரன் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"தட்டலாம்," என்றார் ஆரூரன். "ஆனால் தலைவரின் செய்தியை வாசிக்காமல் அழித்தால், 'உங்கள் செய்தி வாசிக்கப்படாமல் அழிக்கப்பட்டது' என்று தலைவருக்கே ஓர் அறிவித்தல் போகும். யார் அழித்தது என்ற பெயரும் போகும். எனக்கு இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. இது தோட்டத்துப் பெட்டி, தோட்டத்து முகாமையாளர் தட்டுவதுதான் முறை."

"நான் தட்டலாம்," என்றார் தொரை. "ஆனா இந்த மாசம் தலைவர் கிட்டதான் என்னோட ஃபைல் இருக்கு. கம்ப்யூட்டருக்குப் பொறுப்பு பெரிய கிளாக்கர்."

"நான் தட்டுவன்," என்றார் துரைராசா. "தட்ட மாட்டன் எண்டு நான் சொல்லேல்லை. ரெண்டு வருசம் பொறுத்தீங்களெண்டால் கட்டாயம் தட்டுவன்."

மூன்று பேரும் அந்தப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பூரணி ஜன்னல் கம்பிக்குள் கையை நீட்டினாள். "எதுன்னு காட்டுங்கய்யா, நான் அமுக்குறேன். எம் பேர் போனா போகட்டும்."

"உங்களுக்கு அதிகாரம் இல்லையே அம்மா," என்றார் ஆரூரன் வருத்தத்தோடு. "அதிகாரம் இல்லாதவர் தொட்டால் அது பெரிய குற்றம்."

அவருக்கு மனம் இல்லாமலில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு வழி சொன்னார். புதிதாக ஒரு பெட்டி திறக்கலாம். புதுப் பெட்டியில் தலைவரின் செய்தி நிற்காது, வருவது நேரே இறங்கும். செக்ரோலில் பெயர் உள்ள யாருடைய பெயரிலும் திறக்கலாம். ஆனால் உதவி பெறுகிறவருடைய பெயரில் திறந்தால் மேலதிக அனுமதி தேவையில்லை. பலகை யாருக்கு?

"வீரய்யாவுக்கு," என்றார் துரைராசா. "அவரின்ரை பேர் இன்னும் செக்ரோலில கிடக்கு. மரண அறிவித்தல் அனுப்பினனான், பதில் வரேல்லை."

"மிகவும் நல்லது," என்றார் ஆரூரன்.

இப்படியாக, இறந்த மூன்றாம் நாள் வீரய்யாவுக்கு ஓர் ஈமெயில் முகவரி கிடைத்தது. பாதுகாப்புக்காகச் சில கேள்விகளுக்கு விடை கொடுக்க வேண்டியிருந்தது.

"அவருக்குப் பிடித்த நிறம்?"

பூரணிக்கு விளங்கவில்லை. அப்பாவுக்கு நிறம் பிடிக்குமா என்று அவள் யோசித்ததே இல்லை. "காக்கிக் களுசான்தான் போடுவாருங்க," என்றாள்.

"காக்கி. சிறு வயதில் அவர் வளர்த்த செல்லப்பிராணியின் பெயர்?"

"மாடு ஒண்ணு இருந்துச்சின்னு சொல்லுவாருங்க."

"அதன் பெயர்?"

"மாடுன்னுதான் கூப்புடுவாங்க."

"மாடு," என்று ஆரூரன் தட்டினார். "யாராலும் ஊகிக்க முடியாத விடை. மிகவும் பாதுகாப்பானது."

வீரய்யாவின் பெயரால் பலகை கேட்டு ஈமெயில் போயிற்று. ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் பதில் வந்தது. ஆத்துமேட்டுக்கு வந்து சேர்ந்த முதல் ஈமெயில் அதுதான். ஆபீஸில் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். தொரை ஆரூரனைக் கட்டிப்பிடித்தார். துரைராசா கண்ணைத் துடைத்துக்கொண்டு உரக்க வாசித்தார்:

"அன்புள்ள திரு. வீரய்யா, தங்கள் சவப்பெட்டிக்கான பலகை அனுமதிக்கப்பட்டுள்ளது. அனுமதி இலக்கம் கீழே உள்ளது. தாங்கள் அடையாள அட்டையுடன் நேரில் சென்று, கையொப்பமிட்டுப் பெற்றுக்கொள்ளவும். தாங்கள் மென்மேலும் சிறப்புற வாழ்த்துகிறோம்."

பூரணி இலக்கத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டே ஸ்டோருக்கு ஓடினாள். ஸ்டோர்காரர் சின்னத்தம்பி கொழும்புச் செய்தியைத் துரைராசாவிடம் முழுசாகக் கேட்டு விளங்கிக்கொண்டார். பிறகு, "வீரய்யா அண்ணன் வரணுமேம்மா," என்றார்.

"அப்பா செத்துட்டாருண்ணே."

"தெரியாமலா? நேத்து வந்து மாலை போட்டு அழுதுட்டுத்தானே போனேன். ஆனா நேருல வந்து கையெழுத்துப் போடணும்னு இருக்கே. ஆள் இல்லாம நான் குடுத்தா எம் வேல போயிரும்."

"அண்ணே, அப்பா மேல ஈ மொய்க்குது."

சின்னத்தம்பி தலையைக் குனிந்துகொண்டார். கதவை மட்டும் திறக்கவில்லை.

பூரணி லயத்துக்குத் திரும்பி வந்து செல்லசாமியைப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் பின்புறம் போனான். மின்சாரம் போனால் கணினியைக் காப்பாற்றவென்று கொழும்பிலிருந்து ஒரு ஜெனரேட்டர் வந்திருந்தது. அது வந்த மரக்கூடு மழையில் நனைந்துகொண்டு கிடந்தது. அவர்கள் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு பட்டப்பகலில் ரோட்டோடு வந்தார்கள். ஒருவரும் தடுக்கவில்லை. ஆபீசுக்குள் ஆரூரனுக்கு விருந்து நடந்துகொண்டிருந்தது.

ஆசாரி கூட்டைப் பிரித்து அவசரமாகப் பெட்டியாக்கினார். தீட்டி அழிக்க நேரமில்லை. பக்கவாட்டில் ஒரு கண்ணாடிக் கிளாஸ் படமும், இந்தப் பக்கம் மேலே என்று ஓர் அம்புக்குறியும் இருந்தன. முகத்துக்கு நேரே மூடியில் ஒரு குடையின் படம், நனைய விடாதே என்று அர்த்தம். கொட்டுகிற மழையில் தப்பு முழங்க வீரய்யாவைக் கொண்டுபோனார்கள். குழிக்குள் இறக்குகிறபோது அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று இரண்டு பேர் தர்க்கப்பட்டார்கள். தலைமாட்டுப் பக்கம் என்று முடிவாயிற்று.

"அப்பாவ அடக்கம் பண்ணுன மாதிரி இல்லங்க," என்று திரும்பி வருகிற வழியில் பூரணி புருஷனிடம் சொன்னாள். "எங்கயோ பார்சல் போட்ட மாதிரி இருக்கு."

கதை இத்தோடு முடிந்திருந்தால் அவள் அழுது ஆறியிருப்பாள்.

ஆரூரன் ஊர் திரும்பிய பிறகுதான் ஆபீஸில் ஒன்று புரிந்தது. தோட்டத்துப் பெட்டியில் தலைவர் இன்னும் பாதி வழியில் நின்றார். ஒழுங்காக ஈமெயில் வருகிற ஒரே முகவரி வீரய்யாவின் முகவரி. வேறொன்று திறக்கலாம் என்றால், கொழும்பில் இடம் தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். எல்லாத் தோட்டத்துப் பெட்டிகளிலும் தலைவரின் வீடியோவே நிறைந்திருந்ததாம். ஆகவே உரம் கேட்டு எழுதியதும் வீரய்யா, லொறிக்கு டயர் கேட்டதும் வீரய்யா. 'அன்புள்ள திரு. வீரய்யா' என்று கொழும்பிலிருந்து பதில்கள் மளமளவென்று வந்தன. தொரையின் பதவி உயர்வு பற்றிய செய்திகூட, பரிசீலனையில் உள்ளதாக, வீரய்யாவுக்குத்தான் வந்தது. வருஷாந்தக் கூட்டத்தில் தலைவர் பேசினாராம்: "மலையுச்சியில் கவ்வாத்துக் கத்தி பிடித்த ஒரு சாதாரணத் தொழிலாளி இன்று எங்கள் முகாமையாளர்களைவிட விரைவாக ஈமெயிலுக்குப் பதில் எழுதுகிறார். இவரைப் பார்த்தாவது மற்றவர்கள் உயிர்பெற வேண்டும்!"

பூரணி கேட்டுப் போனது ஒன்றுதான். காம்பராவைச் செல்லசாமியின் பெயருக்கு மாற்ற வேண்டும். அதற்கு வீரய்யாவின் மரணத்தைத் தோட்டம் பதிய வேண்டும்.

"திரும்ப அறிவிச்சுப் பதியலாம் பிள்ளை," என்றார் துரைராசா. "ஆனால் பதிஞ்சால் செக்ரோலில பேர் வெட்டுப்படும். பேர் வெட்டுப்பட்டால் பெட்டி பூட்டுப்படும். பேந்து தோட்டத்துக்கு ஒண்டும் வராது. கொஞ்சம் பொறு."

பொறுத்தாள். ஐப்பசியில் கொழும்பின் ஆளணிப் பிரிவிலிருந்து வீரய்யாவுக்கு ஓர் ஈமெயில் வந்தது. அந்தப் பிரிவுக்கும் ஆரூரனின் பிரிவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஆடியிலிருந்து தாங்கள் ஒரு நாள்கூட வேலைக்கு வரவில்லை, தகுந்த காரணம் காட்டாவிட்டால் பெயர் நீக்கப்பட்டு, காம்பரா திரும்ப எடுக்கப்படும் என்று அதில் இருந்தது.

அன்று பூரணியை முதல்முறையாக ஆபீசுக்குள் கூப்பிட்டார்கள். தொரை உட்காரச் சொன்னார். அவள் நின்றாள்.

"நாம எல்லாரும் ஒரே குடும்பம் பூரணி," என்றார் தொரை. "வீரய்யாவை நாங்க கைவிட மாட்டோம். நாளைல இருந்து பெரட்டுல அவர் பேரைக் கூப்புடுவாங்க. ஒரு ஆள் பதில் சொன்னாப் போதும், வந்த மாதிரி பதிஞ்சிருவோம். சம்பளம் வராது, அது வேற சிஸ்டம். பேர் மட்டும் நிக்கும்."

"செத்த மனுசனுக்கா தொரை?"

"அவர் செத்துட்டார்னு எழுத என்னால ஏலும். இப்பவே எழுதுறேன். ஆனா காரணம் காட்டாம மூணு மாசம் வரலன்னு அங்க பதிஞ்சாச்சு, சாவை அவங்க பதியுறதுக்குள்ள காம்பரா போயிரும். ஒனக்கு எது வேணும், நீயே சொல்லு. நான் யாரையும் கட்டாயப்படுத்துற ஆள் இல்ல."

பூரணி துரைராசாவைப் பார்த்தாள். அவர் கணினியின் பூப்போட்ட துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்.

செல்லசாமி சங்கத் தலைவரிடம் ஓடினான். அழகுமுத்து அவனை உட்காரவைத்து, தான் ஆடியில் போட்ட ஈமெயிலுக்குப் பதில் வந்ததும் இதையும் சேர்த்து ஒரு கை பார்ப்பதாக வாக்குக் கொடுத்தார்.

மறுநாள் காலை பெரட்டுக் களத்தில் பனிமூட்டம் கால்வரை இறங்கியிருந்தது. கணக்கப்பிள்ளை பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். கவ்வாத்து ஆட்களின் முறை வந்ததும் குரல் சற்றுத் தணிந்தது.

"வீரய்யா."

கொழுந்துக் கூடைகளோடு நின்ற பெண்கள் பூரணியைத் திரும்பிப் பார்த்தார்கள். செல்லசாமி தரையைப் பார்த்தான். கணக்கப்பிள்ளை தலையை நிமிர்த்தாமல் மறுபடியும் கூப்பிட்டார்.

"வீரய்யா?"

லயத்தில் பிள்ளைகள் இரண்டும் இன்னும் எழுந்திருக்காது என்று பூரணி நினைத்தாள். ஒரே கம்பளிக்குள் கிடக்கும்.

"வந்திருக்காருங்க," என்றாள்.

கணக்கப்பிள்ளை அடையாளம் போட்டார். "மேமலை, கவ்வாத்து," என்று வீரய்யாவுக்கு அன்றைய வேலையைச் சொல்லிவிட்டு, அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.